இருண்ட பாட்டுக்கு ஒரு முடிவு வேண்டும்

"விளக்கு வைக்கிற நேரத்தில என்ன அழுகைப் பாட்டு? நிப்பாட்டு" என்று ஏசாத அம்மம்மா வன்னியில் அரிது. அதே அம்மம்மாதான் செத்த வீட்டுப் படலைக்குள் கால் வைத்ததும் முதல் ஆளாகக் குரல் எடுப்பார். சோகப் பாட்டை அவர் வெறுக்கவில்லை. எந்த நேரத்தில், யாரோடு, எவ்வளவு நேரம் என்ற கணக்கு அவரிடம் உண்டு. கைப்பேசியில் தனியே இருந்து கேட்கும் நமக்கு அந்தக் கணக்குக் கைமாறவில்லை. இருண்ட இசை ஏன் ஆறுதல் தருகிறது, எப்போது தராமல் போகிறது என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது.

நிச்சயமில்லாத காலம் எப்படி இருக்கும் என்று இங்கே ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. வெள்ளாமை வெள்ளத்தோடு போகுமா, காணி விடுபடுமா, 2022இல் நின்ற பெற்றோல் வரிசை திரும்ப வருமா, வெளிநாட்டுக்குப் போன பிள்ளை போய்ச் சேர்ந்தானா, கூட்டிக்கொண்டு போகப்பட்டவர் இருக்கிறாரா இல்லையா. இந்த நிலையில் உள்ள மனத்துக்குத் துள்ளல் பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் வரும். மனம் ஓர் இடத்தில், பாட்டு வேறோர் இடத்தில். இசைச் சிகிச்சையில் 1940களிலிருந்தே ஒரு விதி உண்டு: முதலில் ஆளின் மனநிலைக்கு ஒத்த இசையைக் கொடு, பிறகு மெல்ல மெல்ல அதை நகர்த்து. முதற்படி இருட்டாகவே இருக்கலாம். இரண்டாம் படி இல்லாமல் போவதுதான் சிக்கல்.

இசை இருட்டாகக் கேட்பதற்குக் காரணம் நம் குரலில் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் தாழ்ந்த சுருதியில், மெதுவாக, சத்தம் குறைத்து, சொற்களைத் தெளிவாக உச்சரிக்காமல் இழுத்துப் பேசுவார். குரலின் ஏற்ற இறக்கமும் சிறுத்துவிடும். இந்தக் குணங்கள் ஒரு பாட்டில் ஒன்றுசேர்ந்தால் மொழி புரியாவிட்டாலும் அது சோகம் என்று காது சொல்லிவிடும். டேவிட் ஹியூரன் என்ற இசை ஆய்வாளர் 2011இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அழும்போது உடம்பு தன்னைத் தேற்றிக்கொள்ளப் புரோலாக்டின் என்ற ஓமோனைச் சுரக்கிறது. சோக இசை உண்மையான இழப்பு இல்லாமலே அந்தத் தேற்றலை வரவழைக்கக்கூடும் என்பது அவர் ஊகம். அது இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் 2014இல் தருஃபி, கெல்ஷ் என்ற இருவர் 772 பேரிடம் கேட்டு நடத்திய ஆய்வில், சோக இசை எழுப்பும் உணர்வு எது என்பதற்கு அதிகம் வந்த பதில் சோகம் அல்ல, பழைய நினைவின் ஏக்கம். செத்த வீட்டுக்குப் போய் வந்த எவருக்கும் இது புதிதாக இராது.

ஒப்பாரியைக் கிட்ட நின்று கேட்டால் அதன் கட்டுத் தெரியும். வரி உச்சத்தில் தொடங்கும். மூச்சு உள்ளவரை படிப்படியாக இறங்கும். கடைசிச் சொல் அடித்தொண்டையில் நீண்டு விம்மலாக உடையும். அந்த விம்மலோடு உள்ளே போகும் காற்றுத்தான் அடுத்த வரிக்கான மூச்சு. ஒரு வரியின் நீளம் ஒரு மூச்சு, அவ்வளவுதான். நாலைந்து சுரத்துக்குள் முழுப் பாட்டும் நிற்பதால் சங்கீதம் தெரியாதவரும் சேர்ந்து சொல்லலாம். வரியின் முன்பாதி ஊரில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைப் பிடிக்கும்: குளம், பனை, வண்டில், பட்டி மாடு. பின்பாதி அதை இழப்போடு முடிச்சுப் போடும். மாதிரிக்கு ஒரு வரி கட்டினால் இப்படி வரும்:

முத்தையன்கட்டுக் குளம் வத்தி வறண்டாலும் – என்ர ராசா
முந்தானை ஈரம் ஒருநாளும் காயாதே

முன்னே மோனை, நடுவில் விளி, பின்னே வீட்டுப் பொருள். இந்த அச்சு கையில் இருப்பதால்தான் நெஞ்சு வெடிக்கும் நேரத்திலும் சொல் வருகிறது. புதிதாக யோசிக்க வேண்டிய சுமையை அச்சு எடுத்துக்கொள்கிறது.

ஒப்பாரி தனி ஆள் பாட்டும் அல்ல. இரண்டு மூன்று பெண்கள் கட்டிப்பிடித்து, தலையோடு தலை முட்ட இருந்து சொல்லுவார்கள். ஒருத்திக்கு மூச்சு முடிய மற்றவள் எடுப்பாள். புதிதாக மச்சாள் ஒருத்தி படலையில் குரல் கொடுத்தால் உள்ளே இருப்பவர்கள் அவளுடைய உறவுமுறைக்கு ஏற்பப் பாட்டை மாற்றுவார்கள். பெட்டி தூக்கும்போது சத்தம் உச்சத்துக்குப் போகும். பெண்கள் படலையோடோ ஒழுங்கை முடிவோடோ நின்றுவிடுவார்கள். அதோடு ஒப்பாரியும் நிற்கும். வீடு கழுவி, தலை முழுகி, அயல் வீட்டுச் சாப்பாடு வரும். பிறகு காடாத்து, எட்டுச் செலவு, முப்பத்தொன்றில் அந்தியேட்டி, வருடம் முடிய ஆட்டைத் திவசம். அழுகைக்குத் தவணை உண்டு, ஒவ்வொரு தவணைக்கும் முடிவு உண்டு.

அதே செத்த வீட்டில், அதே நேரத்தில், இன்னோர் இசையும் ஓடும். சைவக் கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். 20 பாட்டு. இறைவன் நீராடுவதற்கு வாசனைப்பொடி இடிக்கும் பெண்கள் ஒருவரையொருவர் அழைத்துப் பாடும் மகிழ்ச்சியான பதிகம் அது. இங்கே உரலில் மஞ்சளை இட்டு, உலக்கை விழும் தாளத்தில் அதைப் படிப்பார்கள். இடிப்பவரின் கையும் படிப்பவரின் குரலும் ஒரே அளவில் போக வேண்டும். ஒப்பாரிக்குத் தாளம் கிடையாது, மூச்சுத்தான் அளவு. சுண்ணப் பாட்டு உலக்கையில் இறுகக் கட்டப்பட்டது. அவிழ்ந்த ஒன்றும் இறுகிய ஒன்றும் ஒரே முற்றத்தில் சேர்ந்து கேட்பதை எங்கள் சடங்கின் மிகப் பெரிய இசை அறிவு என்றே சொல்ல வேண்டும். கீழே வரும் கேட்கும் முறையில் இதைத்தான் பயன்படுத்துகிறோம்.

பறையைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். மாரி காலத்தில் தோல் ஈரம் இழுத்துத் தளர்ந்துவிடும். ஓலை கொளுத்திக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, ஓசை இறுகியதும்தான் தோளில் போடுவார்கள். காய்ச்சாத பறை "தொப்"பென்று விழும், ஒழுங்கை முடிவுக்குக் கேட்காது. இந்த நுணுக்கம் தெரிந்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கிக்கொண்டே சாவுக்கு அடிக்கும்படி கட்டாயப்படுத்திய வரலாறு எங்கள் பக்கமும் உண்டு. பல குடும்பங்கள் அந்தத் தொழிலையே விட்டுவிட்டன. அது அவர்கள் உரிமை. பறையின் ஆறுதலைப் பற்றி எழுதுகிறவர் அந்தக் கடனைச் சொல்லாமல் கடந்து போகக்கூடாது.

கத்தோலிக்க ஊர்களில் தவக்காலம் இதே வேலையைச் செய்கிறது. கோவாவிலிருந்து வந்து இலங்கையில் பணிசெய்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளாரின் (1676–1742) வியாகுல பிரசங்கம், மகனைப் பறிகொடுத்த தாயின் புலம்பலை இழுத்து இழுத்து ராகமாக வாசிப்பதற்கென்றே அமைந்தது. விபூதிப் புதனில் தொடங்கும் அந்த இருட்டுக்கு உயிர்ப்பு ஞாயிறு என்ற முடிவை நாட்காட்டியே குறித்து வைத்திருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலிலும் அப்படித்தான். கணவனை அநியாயமாக இழந்து ஊரை எரித்தவளின் கதை வைகாசிப் பொங்கலில் வந்து குளிர்கிறது. கடல் நீரில் விளக்கெரிக்கும் அந்த இரவுக்கு வருகிற சனம் கண்ணகியின் கோபத்தை மட்டும் கேட்க வருவதில்லை, அது ஆறுவதையும் பார்க்கத்தான் வருகிறது.

இனிக் கடினமான இடம். சடங்கின் முடிவெல்லாம் உடல் இருந்தால்தான். அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவு நூலின் முதற்பக்கத்தில் திதி வெண்பா இருக்கும்: இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன பட்சம், இன்ன திதி. காணாமலாக்கப்பட்டவருக்கு அந்த வெண்பாவை எழுத முடியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் படங்களோடு இருக்கத் தொடங்கிய தாய்மாருக்கு எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. போலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதைத் தனிவகை இழப்பாகவே பிரித்துக் காட்டினார். துக்கம் முடிய முடியாமல் உறைந்து நிற்பதற்குக் காரணம் அந்த ஆளின் பலவீனம் அல்ல, இழப்பின் தன்மையே அப்படி என்பது அவர் வாதம்.

ஆகவே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். காணாமல் போன பிள்ளையின் தாய் இருக்கும் இடத்தில் இறந்தவருக்கான பாட்டை ஒலிபெருக்கியில் போடாதீர்கள். "உன் பிள்ளை செத்துவிட்டான்" என்று ஊர் முடிவு கட்டுவதாகவே அது அவருக்குக் கேட்கும். தேடும் பாட்டு, காத்திருக்கும் பாட்டு, தாலாட்டு, தேவாரம் பொருந்தும். தாலாட்டு ஒப்பாரிக்கு உடன்பிறப்பு. அதே சிறிய சுர எல்லை, அதே இறங்கும் வரி, ஆனால் சாவைச் சொல்லாது. எதைப் போடுவது என்று அந்தத் தாயிடமே கேட்பது எல்லாவற்றிலும் நல்லது.

தேடும் பாட்டுக்கு வெளியிலிருந்து ஓர் உதாரணம் சொல்லாமல் விட முடியாது. போலந்து இசையமைப்பாளர் ஹென்றிக் குரெட்ஸ்கி 1976இல் எழுதிய மூன்றாவது சிம்பனி, "சோகப் பாடல்களின் சிம்பனி". ஏறக்குறைய 55 நிமிடம், மூன்று பகுதி. முதற்பகுதியில் மகனை இழக்கும் மரியாளின் 15ஆம் நூற்றாண்டுப் புலம்பல். இரண்டாவதில், 1944இல் நாசிகளின் சிறைச் சுவரில் 18 வயதுப் பெண் ஒருத்தி தாயை அழவேண்டாம் என்று கீறி வைத்த வரிகள். மூன்றாவதில், கலகத்தில் போன மகனின் உடல் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் தேடும் ஒரு தாயின் நாட்டுப்பாட்டு. வியாகுல பிரசங்கம் தெரிந்த காதுக்கும் கொட்டகையில் இருந்த காதுக்கும் இதில் அந்நியமாக ஒன்றும் இல்லை. மூன்றாம் பகுதி விடை கிடைக்காமலே முடிகிறது, ஆனால் இசை முடிகிறது. கடைசியில் சுருதி வெளிச்சமான பக்கத்துக்குத் திரும்பி, ஒரே ஸ்வரக்கூட்டை நெடுநேரம் திருப்பித் திருப்பி வாசித்து ஓய்கிறது. கேள்வி அப்படியே இருக்க, மூச்சு மட்டும் ஓர் இடத்தில் வந்து இறங்கலாம் என்பதை அதில் கேட்கலாம்.

அந்தச் சிம்பனி ஒரு நடைமுறைப் பாடத்தையும் வைத்திருக்கிறது. முதற்பகுதி டபுள் பேஸ் வாத்தியங்களில் மிகத் தாழ்ந்து, மிக மெதுவாகத் தொடங்கும். கைப்பேசியின் ஸ்பீக்கரில் போட்டால் முதல் சில நிமிடம் ஒன்றுமே கேட்காது. சின்ன ஸ்பீக்கருக்கு அடியோசை வராது. பறையின் வயிறும் தம்புராவின் அடியும் அதில் போய்விடும், மீந்து நிற்பது கீச்சிடும் மேற்குரல். தாங்கி நிற்கும் தாழ் ஓசை இல்லாமல் புலம்பல் மட்டும் கேட்டால் ஆறுதல் வராது, தலையிடிதான் வரும். புளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் இரண்டு சுவர் சேரும் மூலையில் தரையோடு வையுங்கள், அடியோசை கூடும். காதுக்குள் போகும் இயர்போன் என்றால் ரப்பர் முனை காதை முழுக்க அடைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் முதலில் போவது அடியோசையே. அது போன பிறகு ஒலியைக் கூட்டுவோம், அதுதான் காதைக் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரம் 40 மணிநேரம். ஒலியளவை 60 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.

கேட்கும் நேரத்தை 35 முதல் 40 நிமிடமாகக் கட்டுங்கள். ஆறு ஏழு பாட்டு. முதல் மூன்றும் உள்ளதிலேயே இருண்டவை, தாளம் இல்லாதவையாகவோ மிக மெதுவானவையாகவோ இருக்கட்டும். சுபபந்துவராளி ஆலாபனை, நாதசுரத்தில் முகாரி, புலம்பல் பாட்டு, எதுவும் பொருந்தும். (முகாரி என்றாலே அழுகை என்ற பேச்சை நம்பித் தேடினால் ஏமாற்றம் வரலாம். அந்த ராகத்தில் பக்தியும் நிறைவும் தரும் கீர்த்தனைகள் நிறைய. மெதுவான ஆலாபனையாகப் பார்த்து எடுங்கள்.) நாலாவது பாட்டில் தாளம் உள்ளே வர வேண்டும், உலக்கை விழுவதுபோல ஒரே சீராக. கடைசி இரண்டும் குத்துப்பாட்டாக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. நடக்கும் வேகம் போதும், அழுத்தமான சம தாளம் போதும். முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் எதுவும் போடாமல் இருங்கள். பிறகு எழுந்து கிணற்றடியில் முகம் கை கால் கழுவி எதையாவது சாப்பிடுங்கள். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் முழுகாமல் உள்ளே போவதில்லை என்ற வழக்கத்தின் பயன் இது. உடம்புக்கு "முடிந்தது" என்று சொல்லிக் கொடுக்கிறது.

பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். 128 கிலோபிட் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, முழுப் பட்டியலும் 40 எம்பிக்குள் அடங்கும். இணையத்தில் நேரே ஓடவிட்டால் இரண்டு கேடு: புலம்பலுக்கு நடுவில் சவர்க்கார விளம்பரம் பாயும், பட்டியல் முடிந்த பிறகும் செயலி தானாக இன்னும் சோகமான பாட்டை எடுத்துப் போடும். தன்னியக்கத்தையும் "மீண்டும்" பொத்தானையும் அணைத்துவிடுங்கள். முடிவில்லாத ஒப்பாரியை உருவாக்கியது மனித மனம் அல்ல, அந்தப் பொத்தான்.

பிழைக்கும் இடங்களில் முதலாவது இதுவே: ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது. நடந்ததையே மனதில் அரைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சோக இசை மனநிலையை மேலும் கீழே இழுப்பதாக காரிடோ, ஷூபர்ட் ஆகியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. கேட்டு அரைமணி கழித்து உங்களையே கேளுங்கள்: நெஞ்சு இளகியதா, இறுகியதா? இரண்டு மூன்று முறை இறுகியது என்று பதில் வந்தால் அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகான பாட்டாக இருந்தாலும். உங்களுக்கு நடந்ததை அப்படியே சொல்லும் வரிகள் பெரும்பாலும் இந்த வகை. சொல் இல்லாத வாத்திய இசை பாதுகாப்பானது.

இரண்டாவது, எங்கள் மண்ணுக்கே உரியது. நினைவுநாள் பாட்டுகளின் காணொளிகளில் எறிகணைச் சத்தம், கிபிர் போர்விமான இரைச்சல், சைரன் ஆகியவற்றைச் சேர்த்து விடுகிறார்கள். 2009இன் போரைக் கடந்த உடம்புக்கு அது இசை அல்ல. அறிவு புரிந்துகொள்வதற்கு முதலே கை கால் பதறிவிடும். மற்றவருக்குப் போடுமுன் முழுப் பாட்டையும் ஒருமுறை நீங்கள் கேட்டுப் பாருங்கள். திடீரென்று வெடிக்கும் தாளமும் நீண்டு உறுமும் மின்னொலியும் கூட ஆபத்தே. மெல்லக் கூடி மெல்லக் குறைவதாக எடுங்கள். படுக்கைக்குப் போகும் நேரத்திலும் குடித்துவிட்டும் கேட்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டிலும் முடிவு தவறிப்போகும்.

பிள்ளைகள் கேட்கும் மெட்டல் இசை பற்றிப் பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்த இசையின் இருட்டுக்கு ஒரு தொழிலாளியின் காயமும் ஒரு காரணம். தொழிற்சாலை விபத்தில் வலக்கை விரல் நுனிகளை இழந்த, பிளாக் சபத் குழுவின் டோனி அயோமி, வலி குறையக் கிற்றார் தந்திகளைத் தளர்த்தினார், ஓசை தாழ்ந்து கனத்தது. 2015இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஷார்மன், டிங்கிள் நடத்திய ஆய்வில் அவ்வகை இசை கேட்கும் 39 பேரைக் கோபமூட்டிவிட்டு, ஏறக்குறைய பாதிப் பேரை அவர்கள் விரும்பிய பாட்டைக் கேட்க விட்டார்கள், மற்றவர்களைப் பாட்டில்லாமல் அமைதியாக இருக்க விட்டார்கள். பாட்டுக் கேட்டவர்களுக்குக் கோபம் கூடவில்லை. ஊக்கமும் நல்லுணர்வும் கூடின. சிறிய ஆய்வுதான். எனினும் பிள்ளையின் கையிலிருந்து ஹெட்போனைப் பறிப்பதைவிட, அவன் சாப்பிடுகிறானா, நித்திரை கொள்கிறானா, கூட்டாளிகளோடு பேசுகிறானா என்று பார்ப்பது பயனுள்ளது. சாவு பற்றிய பேச்சு வந்தால், அல்லது இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால், அது இசையின் வேலை அல்ல. வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926.

கடைசியாக, ஒப்பாரி சொல்லத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குள் சும்மா ஒப்பாரி சொல்லக்கூடாது என்பார்கள், அதை மதித்து வயல் கொட்டிலிலோ குளக்கட்டு மரத்தடியிலோ இருத்திக் கேளுங்கள். கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி, வாய்க்கு நேரே வைக்காமல் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் நாடிக்குக் கீழாகச் சாய்த்து வையுங்கள். நேரே வைத்தால் விம்மல் காற்று அடித்துப் பதிவு கெடும். தொடக்கத்தில் ஊர், ஆண்டு, என்ன உறவுமுறைக்கான ஒப்பாரி என்பதைச் சொல்லிப் பதியுங்கள். பாடி முடிந்ததும் உடனே எழும்பிவிடாமல் தேத்தண்ணீர் குடித்து, வேறு கதை கதைத்து, அவர் மூச்சு ஆறும்வரை கூட இருங்கள். பதிவின் ஒரு பிரதியை மெமரி கார்டிலும் இன்னொன்றை வேறொரு உறவினரிடமும் வையுங்கள். வெளியே பகிரலாமா என்று அவரிடமே கேளுங்கள். அழித்துவிடச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள்.